பாலைவன நொதியைக் கணினியில் தேடுவது எப்படி?

அமெரிக்காவின் நெவாடாவில் உள்ள அமர்கோசா பாலைவன மண்ணில் கிடைத்த பாக்டீரியா, ஜியோடெர்மடோபிலஸ் ஆப்ஸ்கியூரஸ். 2010இல் அதன் முழு மரபணுத் தொகுப்பும் வெளியானது. மொத்தம் சுமார் 53 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள். அதற்குள் வைக்கோலைச் சர்க்கரையாக்கும் நொதி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க, இன்று முதலில் உட்காருவது கணினி முன்னால்தான்.

வைக்கோலில் இருக்கும் செல்லுலோஸ், குளுக்கோஸ் மூலக்கூறுகள் நீளமாகக் கோத்த இழை. இழைகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் விறகுக்கட்டு மாதிரி இறுகிக் கிடப்பதால் நொதி உள்ளே நுழைவதே பெரும்பாடு. எண்டோகுளுக்கனேஸ் இழையை நடுவில் வெட்டும், எக்ஸோகுளுக்கனேஸ் நுனியிலிருந்து இரண்டிரண்டு குளுக்கோஸாகக் கழற்றும், அந்த ஜோடிகளைப் பீட்டா குளுக்கோசிடேஸ் பிரிக்கும்.

செல்லுலோஸைச் சிதைக்கும் இத்தகைய நொதிகளுக்குப் பொதுப் பெயர் செல்லுலேஸ். கணினி முதலில், ஏற்கெனவே தெரிந்த செல்லுலேஸ்களின் அமினோ அமில வரிசையோடு ஒத்துப்போகும் மரபணுக்களைப் பொறுக்கும். பல செல்லுலேஸ் குடும்பங்களில் வெட்டும் வேலையைச் செய்வது குளுட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலங்கள் இரண்டு: ஒன்று புரோட்டானைக் கொடுக்கும், மற்றது சர்க்கரையின் கார்பனைத் தாக்கும். அந்த இரண்டும் உரிய இடத்தில் இல்லையென்றால் பெயர் மட்டும்தான் செல்லுலேஸ். அப்புறம் ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள் நொதியின் முப்பரிமாண வடிவத்தைக் கணிக்கும். அதன் பள்ளத்தில் நாலைந்து குளுக்கோஸ் கொண்ட ஒரு துண்டைப் பொருத்திப் பார்ப்பார்கள்.

இந்தப் பொருத்தலில் வரும் மதிப்பெண்ணைப் பலர் அளவுக்கு மீறி நம்புகிறார்கள் என்பது என் எண்ணம். சின்னத் துண்டு நன்றாக ஒட்டுவதால் இறுகிய கட்டை நொதி பிரித்துவிடும் என்று சொல்ல முடியாது.

வெப்பமும் அப்படித்தான். சர்க்கரையாக்கும் ஆலைகளில் கலவை 50 டிகிரி செல்சியஸ் வாக்கில் மணிக்கணக்கில் இருக்கும். பாலைவனத்தில் பிறந்ததாலேயே நொதி அதைத் தாங்கிவிடாது. அங்குள்ள பல பாக்டீரியாக்கள் வறட்சியில் உறங்கிக் கிடந்து, மழை ஈரத்தில்தான் வேலை செய்கின்றன. எனவே மூலக்கூறு இயக்கவியல் கணக்கில் புரதத்தைத் தண்ணீரில் வைத்துச் சூடேற்றி, ஒவ்வொரு அணுவும் எப்படி நகர்கிறது என்று பார்க்கிறார்கள். கணக்கு சின்னச் சின்ன நேர அடிகளாக நகரும்; ஓர் அடி வழக்கமாக 2 ஃபெம்டோ வினாடி (ஒரு ஃபெம்டோ வினாடி என்பது நானோ வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). கோடிக்கணக்கான அடிகள் போட்டாலும் கிடைப்பது நானோ வினாடிகள்தான், அதாவது வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு அளவிலான நேரம். அந்நேரத்தில் புரதச் சங்கிலியின் எந்த வளைவுப் பகுதி தளர்கிறது என்று தெரியும், நாளெல்லாம் தாங்குமா என்று தெரியாது.

சரி, பிறகு? மரபணுவை ஈ. கோலை பாக்டீரியாவில் ஏற்றி நொதியைத் தயாரிக்க வேண்டும். கரையும் செல்லுலோஸ் மட்டும் போதாது, இறுகிய செல்லுலோஸான வடிதாள் துண்டையும் கொடுத்து, 50 டிகிரியில் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சர்க்கரை வருகிறது என்று அளக்க வேண்டும்.