ஆண்களின் ஸ்மால் சைஸ் பெண்களின் ஜாக்கெட் ஆகாது

இந்த மாதத்தில் இது மூன்றாவது. கம்பளி உடலும் தோல் கையும் வைத்துப் பாதி தைத்த வார்சிட்டி ஜாக்கெட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் நின்றார். போட்டுக் காட்டச் சொன்னேன். தோள் தையல் தோளைத் தாண்டி இரண்டு விரற்கடை கையில் இறங்கிக் கிடந்தது. டிச் பட்டன்களைப் போட்டுவிட்டுக் கையை நகர்த்தியதும் மார்புக்கு நேரே இருந்த இரண்டும் பட்பட்டென்று திறந்துகொண்டன. கீழ் ரிப், அதாவது அடி விளிம்பில் வரும் இழுபடும் பின்னல் பட்டை, இடுப்பெலும்பில் நிற்காமல் மேலே ஏறி, வயிற்றைச் சுற்றித் துணி உப்பி நின்றது.

"எந்த பேட்டர்ன்மா இது?"

"தம்பிக்குத் தைச்சேன்க்கா, நல்லா வந்துச்சு. அதையே ஒரு சைஸ் குறைச்சு வெட்டினேன்."

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு மனசு வெறுத்துவிட்டது. நல்ல கம்பளி, அசல் தோல், எத்தனையோ ராத்திரி உழைப்பு. எல்லாம் கத்திரி வைப்பதற்கு முன்பே வீணாகியிருந்தது.

1865-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக பேஸ்பால் வீரர்கள் தங்கள் விளையாட்டு உடையில் 'எச்' என்ற எழுத்தைத் தைத்துக்கொண்டார்கள். அங்கிருந்து வளர்ந்த உடைதான் இது. கம்பளி உடல், தோல் கை எல்லாம் பின்னால் வந்தவை. விளையாடும் இளைஞனின் உடம்புக்கு ஏற்பட்ட வெட்டு என்பதால் தோள் அகலம், பக்கவாட்டு நேர்க்கோடு, மார்புச் சுற்றும் கீழ்ச் சுற்றும் ஏறக்குறைய ஒன்று. அதைச் சுருக்கினால் சின்ன ஆணுக்கான ஜாக்கெட்தான் கிடைக்கும்.

தோளுக்குப் பார்த்து சைஸ் எடுத்தால் மார்பில் இழுக்கும். மார்புக்குப் பார்த்து எடுத்தால் தோள் தொங்கும். எந்த சைஸ் எடுத்தாலும் இரண்டில் ஒன்று நடக்கும், ஏனென்றால் குறை சைஸில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது. சைஸ் குறைக்கும்போது முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி குறைகின்றன. பெண்ணின் உடம்பில் முன்பக்கத்துக்கு மட்டும் கூடுதல் அகலம் வேண்டும், கூடுதல் நீளமும் வேண்டும். அகலத்தை எல்லோரும் நினைக்கிறார்கள், நீளத்தை மறந்துவிடுகிறார்கள். முன்பக்கத் துணி மார்பின்மேல் ஏறி இறங்க வேண்டும் அல்லவா? அந்த நீளம் இல்லாததால்தான் முன் விளிம்பு மேலே தூக்கிக்கொள்கிறது. "இது லூஸ் ஜாக்கெட்தானே, எதுக்குக்கா இவ்வளவு அளவு?" என்றும் கேட்பார்கள். லூஸ் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. வயிற்றில் ஆறு அங்குலம் லூஸ் இருந்து என்ன பயன், மார்பில் பட்டன் நிற்கவில்லையே.

அதனால் டேப்பை இரண்டு இடத்தில் வையுங்கள். அக்குளை ஒட்டி மேல் மார்பு, பிறகு முழு மார்பு. பேட்டர்ன் சைஸை மேல் மார்பை வைத்துத் தேர்ந்தெடுங்கள், அப்போது தோளும் கழுத்தும் சரியாக வரும். பெண்களுக்கான பேட்டர்ன்கள் பெரும்பாலும் இந்த இரண்டு அளவுக்கும் 2 அங்குல வித்தியாசம் வைத்துப் போட்டவை. உங்களுக்கு 4 அங்குலம் வந்தால், பேட்டர்னின் முன்பக்கம் ஒவ்வொன்றையும் வெட்டி 1 அங்குலம் விரித்துக்கொடுங்கள். அதில் ஒரு டார்ட், அதாவது கூம்பாக மடித்துத் தைக்கும் மடிப்பு, பிறக்கும். கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்வாகத் தையல் வரும் ராக்லன் கை என்றால் அந்தத் தையலுக்குள்ளேயே அதை மறைத்துவிடலாம். சாதாரணக் கை என்றால் பக்கத் தையலில் போடுங்கள், கைக்கு அடியில் யாருக்கும் தெரியாது. டார்ட் போட்டால் வார்சிட்டி மாதிரி இருக்காது என்று பயப்பட வேண்டாம்.

பட்டன் போடும்போது வலப்பக்கம் மேலே வருமா, இடப்பக்கம் மேலே வருமா என்று பலர் குழம்புகிறார்கள். உங்கள் விருப்பம்தான், அதில் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

காடாத் துணியில் ஒரு டிரையல் தைத்தே ஆக வேண்டும். கெஞ்சித்தான் கேட்கிறேன். உள்ளே போடப்போகும் உடுப்பின்மேல் அதைப் போட்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டுங்கள், உட்காருங்கள். எழுத்து எங்கே வரும் என்பதையும் அப்போதே குறியுங்கள். ஆண்கள் ஜாக்கெட்டில் எழுத்து இருக்கும் உயரத்திலேயே வைத்தால், பல பெண்களுக்கு அது மார்பின் சரிவில் விழுந்து மடங்கும். கொஞ்சம் மேலே, தட்டையான இடத்தில் வையுங்கள். லைனிங் போடும் முன்பே அதைத் தைத்துவிடுங்கள்.

தோலில் ஊசி போட்ட ஓட்டை போட்டதுதான். வந்த ஜாக்கெட்டின் கைத்தையலைப் பிரித்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். தையல் போன வழியெல்லாம் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிந்தது. மூன்று முறை பிரித்துத் தைத்திருக்கிறார், மூன்று வரிசை. தோலில் குண்டூசி குத்தாதீர்கள், கிளிப் போடுங்கள். தோலுக்கான ஊசி, 14 அல்லது 16 நம்பர். தையல் நீளம் 3.5 முதல் 4 மில்லிமீட்டர். நெருக்கித் தைத்தால் தாள் கிழிவதுபோல அந்தக் கோட்டிலேயே கிழியும். பாலியெஸ்டர் நூல்தான், காட்டன் நூல் நாளாவட்டத்தில் இற்றுப்போகும். செயற்கைத் தோலில் இஸ்திரிப் பெட்டியை வைக்கவே கூடாது.

கம்பளியை வெட்டும் முன் நன்றாக ஆவி காட்டுங்கள், சுருங்குவது அப்போதே சுருங்கட்டும். இஸ்திரி போடும்போது நடுவில் துணி வையுங்கள், இல்லாவிட்டால் பளபளப்புத் தட்டிவிடும், எளிதில் போகாது.

ரிப் விஷயத்துக்கு வருகிறேன். மார்பளவில் முக்கால் பங்கு என்று யாரோ சொன்னதைக் கேட்டு வெட்டுகிறார்கள். ரிப் மார்பிலா உட்காரப்போகிறது? அது நிற்கும் இடத்தின் சுற்றளவை எடுங்கள். ரிப்பை அங்கே சுற்றிப் பிடித்து, அழுத்தாமலும் நழுவாமலும் நிற்கும் நீளத்தைக் குறித்து, அதன்பின் வெட்டுங்கள். ஒவ்வொரு ரிப்பும் ஒவ்வொரு விதமாக இழுபடும். இடுப்பு அகலமானவர்களுக்கு ரிப் குறுகினால் அது மேலே ஏறாமல் வேறு எங்கே போகும்?

டிச் பட்டனில் முதலாவதை முழு மார்புக் கோட்டில் குறியுங்கள். மற்றவற்றை அதிலிருந்து மேலும் கீழும் சம இடைவெளியில் பிரியுங்கள். பட்டன் வரும் இடத்தில் உள்ளே கேன்வாஸ் வைக்காவிட்டால் துணியோடு பிய்ந்துவரும். அதே கனமுள்ள வெட்டுத் துண்டில் ஒரு பட்டனை அடித்துப் பார்க்காமல் ஜாக்கெட்டில் கை வைக்காதீர்கள்.

அந்தப் பெண்ணின் ஜாக்கெட்டில் தையலுக்கு விட்டிருந்தது அரை அங்குலத்துக்கும் குறைவு, பிரித்து அகலப்படுத்த வழியில்லை. மிச்சம் இருந்த தோலில் இரண்டு நீளத் துண்டு வெட்டி, அக்குளிலிருந்து கீழ் வரை பக்கத்துக்கு ஒன்றாக வைத்தோம். தோளைக் குறைத்து, கையைப் பழைய ஓட்டைகளுக்கு உள்பக்கமாகத் தைத்ததில் ஓட்டை எல்லாம் மடிப்புக்குள் போய்விட்டது. கை அரை அங்குலம் குட்டையானது, முன்பே நீளமாக இருந்ததால் அதுவும் பொருந்தியது. முன்பக்க நீளத்தை மட்டும் என்னால் கொண்டுவர முடியவில்லை. முன் விளிம்பு இன்னும் கொஞ்சம் தூக்கித்தான் நிற்கிறது.

தங்கைக்கும் ஒன்று தைக்கப்போகிறாராம். காடாத் துணியோடு வரச் சொல்லியிருக்கிறேன்.