காய்க்குள் காத்திருந்த கரும்புள்ளி

“பங்கனப்பள்ளி மாங்காய் ஒரு கூடை வாங்கினோம். ஒரு பொட்டுக்கூட இல்லை. வைக்கோலில் வைத்து ஐந்தாம் நாள் எடுத்தால் பாதிப் பழத்தில் கருப்புக் கருப்பாகப் புள்ளி. பழுக்க வைக்கும் கார்பைடு கல் வைத்த காயைத் தலையில் கட்டிவிட்டார்களா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கல் வைக்காத காயிலும் இது வரும். வியாபாரியைத் திட்டுவதற்கு முன் காயின் பழைய கதையைக் கேளுங்கள். அந்தப் புள்ளிக்கான ஆள் உள்ளே நுழைந்தது, காய் மரத்தில் பிஞ்சாக இருந்தபோது.

நோயின் பெயர் ஆந்த்ராக்னோஸ். கொலட்டோட்ரைக்கம் என்ற பூஞ்சையின் வேலை. காய்ந்த குச்சி, பழைய இலைகளில் இருக்கும் அதன் வித்துகள் மழைத்துளி தெறிக்கும்போது பூங்கொத்திலும் பிஞ்சிலும் போய் ஒட்டிக்கொள்ளும். ஈரம் சில மணி நேரம் நின்றால் முளைக்கும். இதெல்லாம் பள்ளிப் பாடம்தான். எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது.

முளைத்த இழையின் நுனி ஒரு குமிழாக வீங்கித் தோலோடு ஒட்டிக்கொள்கிறது. குமிழின் சுவரில் மெலனின் பூச்சு. நம் தலைமுடியைக் கருப்பாக்கும் நிறமியின் உறவுதான். அந்தப் பூச்சு தண்ணீரை உள்ளே விடும், உள்ளே கரைந்திருப்பதை வெளியே விடாது. தண்ணீர் புகப் புக அழுத்தம் ஏறுகிறது. நெல்லில் குலைநோய் உண்டாக்கும் பூஞ்சையும் இதே வித்தைக்காரன்தான். அதன் குமிழுக்குள் காற்றழுத்தத்தைப் போல 80 மடங்கு வரை இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கார் டயருக்கு நாம் அடிப்பது இரண்டு, இரண்டரை மடங்கு. அந்த அழுத்தத்தில் குமிழின் அடியிலிருந்து ஓர் ஊசி கிளம்பித் தோலைத் துளைக்கிறது.

துளைத்ததும் விருந்துதானே? இல்லை, அங்கேயே நின்றுவிடுகிறது. பச்சைக் காயின் தோலில் பூஞ்சைக்கு ஆகாத ரிசார்சினால்கள் என்ற வேதிப்பொருள்கள் இருக்கின்றன. உதட்டில் பட்டால் புண்ணாக்குமே, அந்த மாங்காய்ப் பாலில் பூஞ்சையின் சுவரையே அரிக்கும் நொதி இருப்பதை இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பெரிய கருவி எதுவும் கேட்காத இந்த மாதிரி ஆராய்ச்சிக்குத்தான் நம் ஊரில் பணம் கிடைப்பதில்லை என்பது என் வெகுநாள் புலம்பல்.

ஆக, பூஞ்சை மாதக்கணக்கில் சும்மா கிடக்கிறது. காய் பழுக்கும்போது இந்தக் காவல் குறைகிறது, சர்க்கரை ஏறுகிறது. பழுக்க வைக்கும் எத்திலீன் வாயு பட்டாலே இந்த இனப் பூஞ்சைகளின் வித்து விறுவிறுவென்று முளைத்துக் குமிழ் கட்டுவதைச் சோதனையில் பார்த்திருக்கிறார்கள். மாம்பழம் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் ரகசியத்தை இது ஒட்டுக்கேட்கிறது!

இப்போது மருந்துக்கு வருவோம். காப்பர் ஆக்ஸிகுளோரைடும் மான்கோசெப்பும் தோலின் மேல் படலமாக நின்று, முளைக்க வரும் வித்தைக் கொல்பவை. ஊசி உள்ளே இறங்கிய பிறகு அவற்றால் பயனில்லை. அதனால்தான் பூவிலும் பிஞ்சிலும் அடிக்கச் சொல்கிறார்கள். பறிக்கப் போகும் நேரத்தில் அடித்தால் மருந்துதான் நம் வீட்டுக்கு வரும், நோய் போகாது. கார்பென்டாசிம் திசுவுக்குள்ளும் இறங்கிப் பூஞ்சையின் செல் பிரிவதைத் தடுக்கும். ஆனால் அது பிடிப்பது ஒரே ஒரு புரதத்தை. அந்தப் புரதம் கொஞ்சம் மாறினால் மருந்து வெறும் தண்ணீர். அதையே திரும்பத் திரும்ப அடிக்கக் கூடாது.

எங்கள் பெரியப்பா தோப்பில் ஒரு மாசியில் மழை பெய்து இதே நோயில் பூவெல்லாம் கருகியது. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று எலுமிச்சையும் மிளகாயும் கட்டினார்கள். கட்டிய கிளைக்கு அடியிலேயே முந்தின வருடத்துக் காய்ந்த குச்சிகள் குவிந்து கிடந்தன. அதை அள்ளி எரித்திருந்தால் திருஷ்டியில் பாதி கழிந்திருக்கும்.

பறித்த பிறகும் ஒரு வழி உண்டு. பூஞ்சை தோலுக்கு அடியில் மேலாகத்தான் கிடக்கிறது என்பதால், சுமார் 52 டிகிரி வெந்நீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் முக்கி எடுப்பார்கள். வெப்பமானி இல்லாமல் அடுப்படியில் முயல வேண்டாம், காய் வெந்துவிடும்.

சரி, வாசகரின் கூடைக்கு என்ன செய்வது? புள்ளி சின்னதாக இருந்தால் அந்த இடத்தைச் சதையோடு ஆழமாகச் சீவிவிட்டு இன்றைக்கே சாப்பிடுங்கள். நாளைக்கு விட்டால் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும்.