வான்கோழி மேல் பழி போடாதீர்கள்

போன தேங்க்ஸ்கிவிங் அன்றும் (நவம்பர் வியாழக்கிழமையில் அமெரிக்கா முழுக்க வான்கோழி விருந்து நடக்கும் நாள்) எனக்கு இரவு டியூட்டி. ஒன்பது மணிக்கு ஒரே வீட்டிலிருந்து நான்கு பேர், ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையை வாயருகே பிடித்தபடி வந்தார்கள். "வான்கோழி சரியா வேகலை போல டாக்டர்" என்றார் வீட்டுக்காரர்.

அந்த நால்வரில் ஒருவர் சுத்த சைவம். அவர் வான்கோழியைத் தொடவே இல்லை. சாப்பிட்டது ஆறு மணிக்கு. மூன்று மணி நேரத்தில் வாந்தி என்றால் எனக்கு முதல் சந்தேகம் சாதத்தின் மேல்தான். (சரியாக வேகாத இறைச்சியில் இருக்கும் சால்மோனெல்லா கிருமி அவ்வளவு அவசரப்படாது, குறைந்தது ஆறு மணி நேரமாவது எடுத்துக்கொள்ளும்.) விசாரித்தால், தேங்காய் சாதம் புதன் இரவே தயார். பிரிட்ஜ் முழுக்க வான்கோழி உட்கார்ந்திருந்ததால், அலுமினிய ட்ரேயோடு விடிய விடிய கிச்சன் கவுன்ட்டரில்.

"ஆனா நல்லா சூடு பண்ணித்தானே வச்சேன்!"

இந்த வரியை எத்தனை வருடமாகக் கேட்கிறேன்! பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அரிசி வேகும்போதும் சாவதில்லை. வெதுவெதுப்பான சாதத்தில் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். நீங்கள் திரும்பச் சூடாக்கினால் கிருமி சாகலாம், நஞ்சு அப்படியே இருக்கும். மைக்ரோவேவில் ஆவி பறந்தாலும் இருக்கும். வாசனை மாறியிருக்காது, நூல் விட்டிருக்காது, ருசியும் கெட்டிருக்காது. "ஊர்ல பழையது சாப்பிட்டு வளர்ந்தவங்க நாங்க" என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். பழையது தண்ணீரில் ஊறிப் புளிப்பது. ட்ரேயில் கிடக்கும் தேங்காய் சாதத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

விருந்துக்குத் திட்டம் போடும்போது மெனுவுக்கு முன்னால் பிரிட்ஜைத் திறந்து பாருங்கள். 16 பவுண்டு உறைந்த பறவை பிரிட்ஜுக்குள் இளக ஏறக்குறைய 4 நாள். ஞாயிறு மாலையே ஃப்ரீசரிலிருந்து இறங்கிவிட வேண்டும், புதன்கிழமை சிங்க்கில் போட்டு அவசரப்படுத்தக் கூடாது. மஞ்சள் தேய்த்துக் கழுவவும் வேண்டாம், சிங்க் முழுக்கத் தெறிக்கும். வியாழக்கிழமை 325 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் அது 4 மணி நேரம் இருக்கும். ஆக, பக்க உணவெல்லாம் ஓவன் தேவைப்படாததாக இருக்கட்டும். கிரான்பெர்ரி தொக்கை முன்தினமே செய்து பிரிட்ஜில் வையுங்கள், சின்ன டப்பா போதும். பொரியல் அடுப்பில். சாதம் அன்றைக்கே. பாட்லக் (ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து) என்றால் சாதத்தைப் பக்கத்துத் தெருக்காரரிடம் ஒப்படையுங்கள், இரண்டு மணி நேரம் காரில் வருகிறவரிடம் சிப்ஸும் ஜூஸும் கேளுங்கள். கராஜை பிரிட்ஜாக நினைக்காதீர்கள். நியூ ஜெர்சியின் நவம்பர் நம்பத் தக்கதல்ல.

வெந்ததா என்பதைத் தெர்மாமீட்டரிடம் கேளுங்கள். தொடையின் உட்பகுதியிலும் மார்பின் தடித்த இடத்திலும் 165 டிகிரி ஃபாரன்ஹீட், எலும்பில் படாமல். நம் ஆட்கள் அரைக் கிலோ மிளகாய்த்தூள் பூசிவிட்டு, "நல்லா சிவந்திருச்சு, இறக்கிடலாம்" என்கிறார்கள். அது பச்சையாக இருந்தபோதே சிவப்புதானே ஐயா!

பந்தி முடிந்ததும் அரட்டைக்கு முன் ஐந்து நிமிடம், கெஞ்சிக் கேட்கிறேன். எதுவும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்க வேண்டாம். குழம்பை அண்டாவோடு தள்ளாதீர்கள், நடுப்பகுதி ஆற வெகுநேரமாகும். ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து வையுங்கள். திங்கட்கிழமைக்கு மேல் மிஞ்சிய வான்கோழியில் பிரியாணி போடாதீர்கள். டப்பாவில் அடைத்து நண்பர்கள் தலையில் கட்டவும் கட்டாதீர்கள்.