சொல் விளக்கம்: சூடோட்யூமர்

குழந்தையின் இரைப்பையில் கட்டி என்று ஸ்கேன் காட்டி, திசு அறிக்கையில் ‘இன்ஃப்ளமேட்டரி சூடோட்யூமர்’ என்று வந்தால், வீட்டார் கேட்பது ஒன்றுதான்: புற்றுநோயா, இல்லையா? அந்தப் பெயரை மட்டும் வைத்து விடை சொல்ல முடியாது.

‘சூடோ’ கிரேக்கம்; பொய் என்று பொருள். ‘ட்யூமர்’ லத்தீன், வெறும் வீக்கம். ரோமானியரான செல்சஸ் அழற்சிக்குச் சொன்ன நான்கு குறிகள் சிவப்பு, வீக்கம், சூடு, வலி. வீக்கத்துக்கு அவர் எழுதிய சொல்லே ட்யூமர். புற்றுநோய் அர்த்தம் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. ‘இன்ஃப்ளமேஷன்’ என்பதில் தீ இருக்கிறது. தமிழிலும் அழல் என்ற தீயிலிருந்துதான் அழற்சி. அந்தப் பாதியில் குழப்பமில்லை.

குழப்பம் மறுபாதியில். நுரையீரலில் கண்ட கட்டிகளுக்கு முதலில் வழங்கிய இந்தப் பெயரின்கீழ் பல நோய்கள் சேர்ந்துவிட்டன. அவற்றில் ஒன்று பொய்யே அல்ல, மெய்யான கட்டி. ‘இன்ஃப்ளமேட்டரி மயோஃபைப்ரோபிளாஸ்டிக் ட்யூமர்’ என்ற அதில், 2ஆம் குரோமோசோமிலுள்ள ஏ.எல்.கே. மரபணு உடைந்து இடம் மாறியிருப்பது 1990களில் தெரியவந்தது. பாதிக்கு மேற்பட்டவற்றில் இந்த மாற்றம் உண்டு. வெட்டிய இடத்தில் திரும்ப வளரலாம். வேறு உறுப்புக்குப் பரவுவது அரிது.

கேரள எல்லையான களியக்காவிளை தாண்டி, சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மலையாளத்தில் ‘கட்டி’ என்றால் கனம், தடிப்பு. நம் கட்டிக்கு அங்கே ‘முழ’. அது எந்தக் கட்டிக்கும் பொது. புற்றுநோய்க்கு ‘அர்புதம்’. பேச்சில் தெளிவில்லை என்றால் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

நோய் காட்டும் முகம்: வெளிறல், விட்டுவிட்டு வரும் காய்ச்சல், எடை குறைதல், வாந்தி, சில நேரம் ரத்த வாந்தி அல்லது கறுப்பு மலம். ரத்தச் சோதனையில் ஹீமோகுளோபின் குறைந்திருக்கும், அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவுகளும் பிளேட்லெட்டும் கூடியிருக்கலாம். இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் சோகை தேறாத குழந்தைக்கு வயிற்றைத் தொட்டுப் பார்த்து, அல்ட்ராசவுண்டும் எடுக்க வேண்டும். ஸ்கேன் கட்டியின் இடத்தையும் அளவையும் சொல்லும், இன்னதென்று சொல்லாது. லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய், ஜிஸ்ட் என்ற இரைப்பைச் சுவர்க் கட்டி, காசநோய், பாசிடியோபோலஸ் என்ற பூஞ்சை எல்லாமே இதே தோற்றத்தில் வரும்.

அதிகம் தவறுவது திசு எடுப்பதில். எண்டோஸ்கோப்பியில் கிள்ளுவது மேல்சவ்வை மட்டும். கட்டியோ பெரும்பாலும் அதற்கு அடியில், தசையடுக்கில் இருக்கிறது. ‘நாள்பட்ட இரைப்பை அழற்சி’ என்று அறிக்கை வரும். கட்டி அப்படியே கிடக்கும். அந்த அறிக்கையை நம்பி நிறுத்தக் கூடாது. எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் வழியாக ஆழத்தில் ஊசி செலுத்தியோ, அறுவையிலோ எடுக்க வேண்டும். எடுத்ததில் ஒரு துண்டு 10 சதவீத ஃபார்மலினில், திசுவின் கொள்ளளவைப் போல் 10 மடங்கு திரவத்தில். இன்னொரு துண்டு கிருமி நீக்கிய சலைனில், காசநோய், பூஞ்சை வளர்ப்புக்கு. எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், வளர்ப்புக்கு வழியில்லை. திசு கைக்கு வருமுன் ஸ்டீராய்டு தொடங்குவதும் கெடுதல்: லிம்போமாவாக இருந்தால் கரைந்து, ஆதாரமே அழிந்துவிடும்.

நுண்ணோக்கியில் நூல் நூற்கும் கதிர்போல் நீண்ட செல்களும் இடையிடையே பிளாஸ்மா செல்கள் என்ற அழற்சிச் செல்களும் தெரியும். பிறகு, செல்லில் உள்ள புரதங்களைக் காட்டும் சாயச் சோதனை: இந்தக் கட்டிக்கு ஏ.எல்.கே., எஸ்.எம்.ஏ.; ஜிஸ்ட்டை விலக்க சி.டி.117, டாக்-1. ஏ.எல்.கே. இல்லை என்பதாலேயே இந்தக் கட்டி இல்லை என்றாகாது. ராஸ்1 போன்ற மரபணுக்களையும் பார்க்க வேண்டும். ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் மிகுந்திருந்தால் பூஞ்சைச் சாயம் கட்டாயம். பூஞ்சையென்றால் அது பூஞ்சை மருந்துக்குக் கட்டுப்படும் நோய். புற்றுநோய் என்று எண்ணி இரைப்பையை வெட்டினால் குழந்தைக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு.

தமிழில் என்ன சொல்வது? ‘போலி’ போல் என்ற வேரிலிருந்து வந்தது. ஒப்பானது என்று பொருள், ஆகவே ‘போலிக்கட்டி’ இலக்கணப்படி சரி. ஆனால் போலி டாக்டர், போலி மருந்து என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது ‘ஒன்றுமில்லை’ என்று படும். மறுபரிசோதனைக்கு வராமல் போவார்கள். பூஞ்சை, காசநோய் போன்றவற்றுக்குக் ‘கட்டிபோன்ற அழற்சி’ என்பதே நல்லது. ஏ.எல்.கே. வகைக்குத் ‘தசைநார்க் கட்டி’ என்பது பொருந்தாது. தசைநார் என்பது எலும்போடு தசையைப் பிணைப்பது. ‘அழற்சி நார்த்திசுக் கட்டி’ எனலாம். இதற்கு முதல் மருத்துவம் முழுதாக வெட்டி எடுப்பதுதான். எடுக்க முடியாத ஏ.எல்.கே. கட்டிக்கு, 1 வயது முதல் கிரைசோடினிப் என்ற, ஏ.எல்.கே.யைத் தடுக்கும் மருந்தைக் கொடுக்க அமெரிக்க மருந்துத் துறை 2022இல் ஒப்புதல் தந்தது.

இரண்டாம் கருத்துக்கு வேறு மருத்துவமனை போகும்போது அறிக்கைத் தாள் போதாது. மெழுகில் பதித்த திசு ‘பிளாக்’கையும் ஸ்லைடுகளையும் முதல் ஆய்வகத்தில் கேட்டு வாங்கிச் செல்லுங்கள், விட்டுப்போன சாயச் சோதனைகளை அதிலிருந்தே செய்யலாம்.