மணவாக்கு: எல்லா எங்கேஜ்மென்ட்டும் நிச்சயதார்த்தம் அல்ல

ஆங்கில ரீஜென்சிக் காதல் கதைகளில், அதாவது 1811–1820 கால இங்கிலாந்தில் நடக்கும் கதைகளில், அடிக்கடி தென்படும் ஓர் அமைப்பு. அடுத்தடுத்த பண்ணைவீடுகளில் ஒன்றாக ஓடியாடி வளர்ந்த இருவர். அவனுக்கு 19 வயது, அவளுக்கு 17. ஸ்பெயினில் நெப்போலியன் படையோடு நடக்கும் சண்டைக்கு அவன் புறப்படுகிறான். முதல் நாள் மாலை தோட்டத்து மதிலோரம் நின்று ஒருவருக்கொருவர் சொல் கொடுத்துக்கொள்கிறார்கள். ஒரு கற்றை முடி கைமாறுகிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது. அடுத்த அத்தியாயத்திலிருந்து அவள் தன்னை 'எங்கேஜ்டு' என்றே நினைத்துக்கொள்கிறாள். மொழிபெயர்ப்பவர் கைப்பழக்கத்தில் 'அவளுக்கு நிச்சயதார்த்தம் ஆகியிருந்தது' என்று எழுதிவிடுகிறார். கதை அங்கேயே கெட்டுப்போகிறது. நிச்சயதார்த்தம் என்றால் நமக்குத் தாம்பூலத் தட்டு, லக்ன பத்திரிகை வாசிப்பு, இரு வீட்டுப் பெரியவர்கள், வந்தவர்களுக்குச் சாப்பாடு. இப்படி ஊரறிய நடந்ததை அவள் ஏன் ஐந்து வருடம் மனதுக்குள் பூட்டி வைத்துத் தவிக்கிறாள் என்று வாசகர் விழிப்பார்.

எங்கேஜ் என்பது பிரெஞ்சுச் சொல். அதற்குள் இருக்கும் 'கேஜ்' என்பதற்குப் பிணை, அடகு என்று பொருள். அடமானத்தைக் குறிக்கும் 'மார்ட்கேஜ்' என்ற சொல்லிலும் அதே கேஜ்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆக எங்கேஜ் ஆவது என்றால் தன்னையே பிணையாக வைப்பது. தமிழில் 'ஈடு' என்பதும் அடகுதான். அதே ஒலியுள்ள 'ஈடுபடு', ஒன்றில் முழுதாக இறங்குவதைச் சொல்கிறது. எங்கேஜ் என்ற சொல்லும் அந்தப் பொருளுக்கு வந்து சேர்ந்திருப்பது அழகான தற்செயல்.

'பிட்ரோத்' என்பது இன்னும் பழைய ஆங்கிலம். அதிலுள்ள 'ட்ரோத்', உண்மை என்று பொருள்படும் 'ட்ரூத்'தின் உடன்பிறப்பு. ஒரு காலத்தில் இரண்டுக்கும் முதன்மைப் பொருள் சொன்ன சொல் தவறாமை. நாம் வாய்மை என்பதற்கு நெருக்கமானது. இங்கிலாந்துத் திருச்சபையின் மணச் சடங்கில் மணமகன் 'என் ட்ரோத்தை உனக்குப் பிணை வைக்கிறேன்' என்கிறான். மணமகள் 'தருகிறேன்' என்கிறாள். கல்யாணத்தைக் குறிக்கும் 'வெட்' என்ற சொல்லின் வேரும் பிணையே. எந்தச் சொல்லைத் தோண்டினாலும் விருந்தோ மோதிரமோ அகப்படவில்லை. கொடுத்த வாக்குத்தான் அகப்படுகிறது.

அந்த வாக்குக்கு எவ்வளவு பலம் என்பது காலத்தைப் பொறுத்தது. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இங்கிலாந்தில் வினைமுற்றின் காலமே வழக்கைத் தீர்மானித்தது. 'உன்னை மனைவியாக ஏற்கிறேன்' என்று நிகழ்காலத்தில் இருவரும் சொல்லிக்கொண்டால், பாதிரியார் இல்லாவிட்டாலும் அந்தப் பிணைப்பு செல்லும். திருச்சபை நீதிமன்றம் அதை நிலைநாட்டும். 'ஏற்பேன்' என்று எதிர்காலத்தில் சொன்னால் அது வாக்குறுதி மட்டும். ஆனால் அதன்பின் இருவரும் கூடிவிட்டால் அதுவும் மணமாகவே கொள்ளப்பட்டது. ஒருவன் இருவரிடம் சொல்லிவைப்பது, சொல்லவே இல்லை என்று மறுப்பது, பணக்கார வீட்டுப் பெண்ணை ரகசியமாகக் கட்டிக்கொண்டு வந்து நிற்பது எல்லாம் பெருகின. 1753இல் ஹார்ட்விக் பிரபுவின் திருமணச் சட்டம் நிறைவேறி, 1754 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. வாய்ச்சொல்லைக் காட்டி மணம் செய்யுமாறு ஒருவரைக் கட்டாயப்படுத்தும் வழி அதோடு மூடப்பட்டது. 'பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப' (பொய்யும் பிழையும் தோன்றிய பிறகு பெரியோர் மணச் சடங்கை வகுத்தார்கள்) என்ற தொல்காப்பிய நூற்பாவை இந்தச் சட்டத்துக்கு முகவுரையாகவே வைத்திருக்கலாம்.

ரீஜென்சி என்பது இதற்கு இரண்டு தலைமுறை பின்னால். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநோயால் ஆள முடியாமல் போக, அவருடைய மூத்த மகன் 1811 பிப்ரவரி முதல் தந்தை இறந்த 1820 ஜனவரி வரை அரசப் பிரதிநிதியாக இருந்தார். 'ரீஜென்ட்' என்பது ஆள்பவர் என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. 'அரசப் பிரதிநிதிக் காலம்' என்று ஒருமுறை விளக்கிவிட்டு, பிறகு ரீஜென்சி என்றே எழுதுவதில் தப்பில்லை.

இந்தக் காலத்தில் மதிலோரம் கொடுத்த வாக்கு என்ன ஆகும்? அதை வைத்து யாரையும் தேவாலயத்துக்கு இழுக்க முடியாது. ஆனால் வாக்கு மீறியவர்மேல் பொது நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்கலாம். தொகையை ஜூரிகள் முடிவு செய்வார்கள். இந்த வழக்குரிமை 1970ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்படும்வரை அங்கே உயிரோடு இருந்தது. இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது வயது. 21 நிறையாதவர் தன்னிடம் வாக்கு மீறியவர்மேல் வழக்குப் போடலாம். ஆனால் அவரே வாக்கு மீறினால் அவர்மேல் வழக்குப் போட முடியாது. நம் கதையில் இருவருமே சிறார் என்பதால் சட்டம் இருவர் பக்கமும் எட்டிப் பார்க்காது. 'சிறுபிள்ளைப் பேச்சு' என்று ஒரு பெரியம்மா ஒதுக்கித் தள்ளினால் அவள் பேசுவது இரக்கமற்ற பேச்சாக இருக்கலாம், சட்டப்படி சரியான பேச்சு.

இரண்டாவது சாட்சி. 1869 வரை இந்த வழக்குகளில் வாதியோ பிரதிவாதியோ கூண்டேறிச் சாட்சி சொல்ல முடியாது. வாக்குக் கொடுத்ததைக் கேட்டவர் வேறு யாராவது வேண்டும். இல்லையென்றால் எழுத்து வேண்டும். குறுந்தொகை 25ஆம் பாட்டில் கபிலரின் தலைவி தவிக்கும் தவிப்பு அச்சாக இதுதான். அன்று யாருமில்லை, அந்தக் கள்வன் மட்டுமே இருந்தான். அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன். ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகு நின்றது என்கிறாள். குருகைக் கூண்டில் ஏற்ற முடியாது.

அதனால்தான் இந்தக் கதைகளில் கடிதத்துக்கு அத்தனை மதிப்பு. மணவாக்கு இல்லாத ஆணும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொள்வது முறையல்ல என்பது மேல்தட்டு வழக்கம். ஆகவே ஒருத்திக்கு ஒருவனிடமிருந்து கடிதம் வருகிறது என்றாலே ஊர் மீதியை ஊகித்துக்கொள்ளும். ரகசியமாக வாங்குவதும் எளிதல்ல. 1840க்கு முன் தபால் கட்டணத்தைப் பெரும்பாலும் பெறுபவரே கட்டினார். 1812 கட்டணப்படி உள்நாட்டில் 15 மைலுக்குள் ஒரு தாளுக்கு 4 பென்ஸ். தூரம் கூடக் கூடக் கட்டணமும் கூடும். இரண்டு தாள் என்றால் இரட்டிப்பு. உறையும் ஒரு தாளாகக் கணக்கில் வரும் என்பதால் கடிதத்தையே மடித்து அரக்கு வைப்பார்கள். பக்கம் நிரம்பிவிட்டால் தாளைக் கால் வட்டம் திருப்பி, எழுதிய வரிகளுக்குக் குறுக்கே மறுபடி எழுதுவார்கள். படிக்கக் கண் வலிக்கும். தபாலுக்குக் காசு எடுத்துக் கொடுப்பவர் வீட்டுத் தலைவர். வேறொரு கை உதவாமல் அவள் கைக்கு அது ரகசியமாக வந்து சேராது.

வெளிப்படையான எங்கேஜ்மென்ட் வேறு வகை. அவன் கேட்பான், அவள் சம்மதிப்பாள், பிறகு அவன் போய் அவள் தந்தையைப் பார்ப்பான். வக்கீல்கள் உட்கார்ந்து அவள் கொண்டுவரும் தொகை, ஆண்டுக் கைச்செலவு, விதவையானால் அவளுக்குக் கிடைக்கும் வருமானம் என்று பத்திரம் எழுதுவார்கள். அதற்குப்பின் தேவாலயத்தில் மூன்று ஞாயிறு பெயர் வாசிப்பு. ஆங்கிலத்தில் 'பான்ஸ்' எனப்படும் இதற்குத் தமிழ் தேட வேண்டாம். நம் கிறிஸ்தவர்கள் 'ஓலை வாசித்தல்' என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். 21க்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் ஓலையைப் பெற்றோர் எழுந்து மறுத்தால் அது செல்லாது. அவசரக்காரர்கள் ஹார்ட்விக் சட்டம் எட்டாத ஸ்காட்லாந்தின் எல்லை ஊரான கிரெட்னா கிரீனுக்கு வண்டி பிடித்தார்கள். லண்டனிலிருந்து 300 மைலுக்கு மேல்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். நிச்சயதார்த்தம் என்றால் முடிவான காரியம். தந்தை ஒப்பி, பத்திரம் பேசிய பிறகு அதை எழுதலாம். 'நிச்சயமாகிவிட்டது' என்பது இன்னும் பொருத்தம். 'பரிசம்', 'பூ வைத்தல்' ஆகியவை நம் சடங்குகள். அங்கே கொண்டுபோய் ஒட்டக்கூடாது. 'பேசி வைத்தது' என்பது பெரியவர்கள் பேசியது, பிள்ளைகளுக்கு அதில் பங்கில்லை. பழைய தமிழ் வேதாகமம் மரியாளை யோசேப்புக்கு 'நியமிக்கப்பட்டிருக்கையில்' என்கிறது. அதுவும் பிறர் செய்து வைத்ததாகவே ஒலிக்கிறது. பிற்காலத் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பின் 'திருமண ஒப்பந்தம்' துல்லியமானது, ஆனால் மதிலோரம் நிற்கும் இரண்டு பிள்ளைகள் வாயில் அது வராது. சங்கப் பாடல்களின் 'சூள்' அருமையான சொல். தலைவன் தலைவியிடம் செய்யும் சத்தியம். இன்றைய வாசகருக்கு அடிக்குறிப்பு தேவைப்படும் என்பதே குறை.

மிஞ்சுவது 'வாக்கு'. 'மணவாக்கு' என்று சேர்த்தால் பொருள் தெளிவு, எல்லா வடிவத்துக்கும் வளையும்: மணவாக்குக் கொடுத்தான், மணவாக்கு மீறல் வழக்கு, மணவாக்கைத் திருப்பிக் கொடுத்தாள். கடைசித் தொடர் முக்கியம். ஆண் தானாகப் பின்வாங்கினால் மானக்கேடு; பெண் மனம் மாறினால் வம்பு பேசுவார்கள், ஆனாலும் ஏற்றுக்கொள்வார்கள். எனவே ஐந்து வருடம் கழித்து வேறு மனிதனாகத் திரும்பி வந்தவன், 'என்னை விட்டுவிடு' என்று அவளைக் கேட்க முடியாமல், அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருப்பான். அவளோ அவன் வாக்கைக் காப்பதற்காகவே நிற்கிறான் என்று நினைப்பாள். கதை ஓடுவது இந்த இடைவெளியில்.

மொழிபெயர்க்கும்போது சறுக்கும் இன்னும் சில இடங்கள். மணவாக்குக் கொடுத்தவரைக் குறிக்கும் 'பியான்சே' என்ற சொல் ஆங்கிலத்தில் பரவியது 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். 1815இல் நடக்கும் கதையில் ஒரு பாத்திரம் அப்படிப் பேசினால் எழுதியவர் கவனம் பிசகியிருக்கிறார் என்று அர்த்தம். 'மேக்கிங் லவ்' அந்நாளில் காதல் மொழி பேசுவது மட்டுமே. 'அட்ரஸ்' முகவரி அல்ல, பெண் கேட்கும் நோக்கத்தோடு நெருங்குவது. நடன மண்டபத்தில் ஒருத்தி 'ஐ ஆம் எங்கேஜ்டு' என்று சிரித்தபடி விலகினால் பதற வேண்டாம்: 'அடுத்த இரண்டு ஆட்டத்துக்கும் ஏற்கெனவே வேறொருவரிடம் ஒப்புக்கொண்டேன்' என்கிறாள், அவ்வளவுதான்.