‘என்ன பாவம் செய்தேனோ’ என்று அழுபவரிடம் தீர்ப்பைப் பேசாதீர்கள்

“நான் என்ன பாவம் செஞ்சேனோ, ஆண்டவர் இப்படித் தண்டிக்கிறார்.” கடலூரிலும் புதுச்சேரியிலும் சபை ஆலோசனைக்கு வருகிறவர்கள் அடிக்கடி சொல்வது இது. குழந்தையைப் பறிகொடுத்த தாய் சொல்வார். புற்றுநோய் என்று தெரிந்தவரும் சொல்வார். தேவனாம்பட்டினத்தில் உயிர்களை வாரிக்கொண்டுபோன 2004 சுனாமியானாலும், பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளைச் சாய்த்த 2011 தானே புயலானாலும், துக்க வீட்டில் இந்தக் கேள்வி வந்து உட்கார்ந்துவிடும். சபை ஊழியர் அங்கே வாய் திறக்கும்முன் லூக்கா 13ஆம் அதிகாரத்தின் முதல் ஐந்து வசனங்களை மனதில் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் செத்தார்கள். எருசலேமில் மற்ற எல்லாரையும்விட அவர்கள் பெரிய குற்றவாளிகளா என்று இயேசு கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். அதோடு விடவில்லை. நீங்கள் மனந்திரும்பாவிட்டால் நீங்களும் கெட்டுப்போவீர்கள் என்று சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சொல்கிறார். செத்தவர்கள்மேல் தீர்ப்பைச் சுமத்தாமல், அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்களின் மனச்சாட்சிக்குத் திருப்புகிறார். நாம் செய்யும் பிழை பெரும்பாலும் இங்கேதான். நொறுங்கிப்போனவரிடம் தீர்ப்பைப் பேசுகிறோம், தெம்பாக நிற்கும் குற்றவாளியிடம் அன்பை மட்டும் பேசுகிறோம்.

‘பரம்பரை சாபம்’ என்ற பேச்சும் இதில் சேர்ந்ததுதான். தாத்தா செய்த பாவம் பேரனைப் பிடித்திருக்கிறது, தனி ஜெபம் வேண்டும், காணிக்கை வேண்டும் என்பார்கள். பிதாக்கள் புளித்த திராட்சக்காய் தின்றதற்குப் பிள்ளைகளின் பல் கூசுகிறது என்ற பழமொழியை இனிச் சொல்லக் கூடாதென்று எசேக்கியேல் 18 வெளிப்படையாகத் தடுக்கிறது. பிறவியிலேயே பார்வையற்றவர் விஷயத்தில் யோவான் 9:3 சொல்வதும் அதே: அவனும் பாவம் செய்யவில்லை, அவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை.

அதற்காகப் பாவத்துக்கும் துன்பத்துக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. குடி அதற்குச் சாட்சி. குடிகாரர் தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிப்பதில்லை என்று 1 கொரிந்தியர் 6:10ஐ வாசிப்பவர்கள் அடுத்த வசனத்தை விட்டுவிடுகிறார்கள். ‘உங்களில் சிலர் இப்படிப்பட்டவர்களாயிருந்தீர்கள்’ என்று கடந்த காலத்தில் பேசும் வசனம் அது. இன்னொரு ஆபத்தும் உண்டு. தினமும் அதிகமாகக் குடித்தவரைத் திடீரென நிறுத்தவைத்து மூன்று நாள் உபவாச ஜெபத்தில் உட்கார வைக்கிறார்கள். கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் உடல் நடுங்கும், வியர்த்துக் கொட்டும், இல்லாத உருவங்கள் தெரியும், பேச்சு குழறும். அதைப் பிசாசு என்று நினைத்துக் கட்டிப்போட்டால் உயிரே போகும். முதலில் ஜிப்மர் போன்ற மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். ஜெபம் கூடவே நடக்கட்டும். உபவாசம் மட்டும் அப்போது வேண்டவே வேண்டாம்.

இனி, பிறருக்குத் தீங்கு செய்துவிட்டு மன்னிப்புத் தேடி வருபவர். நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு (குருவிடம் செய்யும் பாவ அறிக்கைக்கு) கத்தோலிக்கர் ஐந்து காரியங்களைப் படிக்கிறார்கள்: பாவங்களை நினைவுகூர்வது, மனஸ்தாபம், இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, குருவிடம் அறிக்கையிடுவது, அபராதம் (குரு விதிக்கும் பரிகாரம்) தீர்ப்பது. தடுமாற்றம் மூன்றாவதிலும் ஐந்தாவதிலும்தான். குரு சொன்ன ஜெபத்தைச் சொல்லி முடித்ததும் கணக்குத் தீர்ந்தது என்று எழுந்துவிடுகிறோம். பாவமன்னிப்பு பாவத்தை நீக்கும். அது விளைவித்த சேதத்தை நாம்தான் சரிசெய்ய வேண்டும் என்பது அந்தத் திருச்சபையின் போதனையே. லுத்தரன், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆராதனைகளில் சிக்கல் வேறு. பாவ அறிக்கையைச் சபையாகச் சேர்ந்து ‘நாங்கள்’ என்று சொல்வதால், ‘நான்’ அதற்குள் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடுகிறது.

லேவியராகமம் 6ஆம் அதிகாரம் அளவே கொடுக்கிறது: ஏமாற்றி எடுத்த முதல், அதோடு ஐந்தில் ஒரு பங்கு. சீட்டுப் பணத்தில் 50,000 ரூபாய் மோசம் செய்தவர் 60,000 ரூபாயை உரியவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் பலி செலுத்தப் போக வேண்டும். இது மன்னிப்புக்கு விலை ஆகிவிடாதா என்று கேட்பவர்கள் வரி வசூலித்துப் பணம் சேர்த்த சகேயுவின் வீட்டு நிகழ்ச்சியின் வரிசையை (லூக்கா 19) பார்க்கட்டும். ‘உன் வீட்டில் தங்க வேண்டும்’ என்று இயேசு முதலில் சொல்கிறார். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக (நான்கு மடங்காக) திருப்பித் தருகிறேன் என்று சகேயு சொல்வது பிறகு வருகிறது. நாம் பாவிகளாயிருக்கையிலேயே கிறிஸ்து நமக்காக மரித்தார் என்று ரோமர் 5:8 சொல்வதும் இந்த வரிசைதான். அன்பு முந்திக்கொள்கிறது. அந்த அன்பு உள்ளே வந்த வீட்டில் களவுப் பணம் மட்டும் தங்க முடியவில்லை.

அடி வாங்கும் மனைவியிடம் ‘ஆண்டவர் பாவிகளை நேசிக்கிறார், நீயும் மன்னிச்சு வாழும்மா’ என்று சொல்லி அனுப்புவது மிகக் கொடிய தவறு. அவர் மனதில் மன்னித்தாலும் அதே வீட்டுக்குத் திரும்ப வேண்டிய கடமை அவருக்கில்லை. முதலில் பாதுகாப்பான இடம், பெண்கள் உதவி எண் 181. பிறகு கணவரைத் தனியே அழைத்துப் பேசுங்கள். இருவரையும் ஒன்றாக உட்கார வைத்தால் மனைவி உண்மையைச் சொல்ல மாட்டார், சொன்னால் வீட்டில் போய் அடி விழும். குழந்தைமேல் பாலியல் வன்முறை என்றால் சமரசப் பேச்சுக்கே இடமில்லை. 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, தன் கீழுள்ளவர் செய்த குற்றத்தை மறைத்த நிறுவனப் பொறுப்பாளரானால் ஓராண்டு வரை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. குற்றம் செய்தவர் உண்மையிலேயே மனந்திரும்பியிருந்தால் காவல் நிலையத்துக்கு அவரோடு கூட நடந்து போங்கள். சிறைக்குப் போனபின் மனுப்போட்டுப் பார்க்கவும் போங்கள்.