இழுத்தால் வராத லேன் கேபிள்

லேன் கேபிள், அதாவது நெட்டுக்காகச் செருகும் ஒயர், லேப்டாப்பிலிருந்து வர மறுத்தால் பலமாக இழுத்துப் பார்க்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். இந்தப் பிளக்குக்கு அது ஆகவே ஆகாது. காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது.

ஆர்ஜே45 என்று கடைகளில் சொல்லும் இந்தப் பிளக், அமெரிக்காவின் பெல் நிறுவனம் தொலைபேசிக்காக உருவாக்கிய பிளக் குடும்பத்தின் வாரிசு. அகலம் 12 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு பக்கம் தங்க முலாம் பூசிய எட்டுத் தகடுகள், எதிர்ப்பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாக்கு. கவனிக்க வேண்டியது இந்த நாக்கைத்தான். பிளக்கின் மூக்குப் பக்கம் மட்டும்தான் அது உடம்போடு ஒட்டியிருக்கும். பின்முனை அந்தரத்தில் நிற்கும். முன்பாதி அகலம், வால் ஒடுக்கம். அகலம் குறையும் இடத்தில் இரண்டு பக்கமும் குட்டித் தோள் மாதிரி ஒரு படி இருக்கும்.

பிளக்கைச் செருகும்போது நாக்கு அமுங்கி உள்ளே போகிறது. வால் பகுதி போர்ட்டின், அதாவது பிளக் செருகும் துளையின், வாயிலுள்ள வெட்டுக்கு வந்ததும் நாக்கு நிமிர்கிறது. ‘டக்’ என்று கேட்பது அப்போதுதான். இனி அந்த இரு தோள்களும் வாயின் உள்விளிம்பில் முட்டி நிற்கும். தூண்டில் முள்ளைப் போலத்தான்: உள்ளே போக ஒரு வழி, திரும்ப அந்த வழி கிடையாது.

இழுக்கிற விசை முழுவதும் தோள்களை விளிம்போடு அழுத்துகிறது. அழுத்தம் கூடக் கூட உராய்வும் கூடும். அப்போது நாக்கை எவ்வளவு அமுக்கினாலும் தோள் நழுவாது. அதனால் முதலில் பிளக்கை உள்பக்கமாக லேசாகத் தள்ள வேண்டும். தோளுக்கும் விளிம்புக்கும் இடையே மயிரிழை இடைவெளி கிடைத்தால் போதும். அப்புறம் நாக்கை அமுக்கி, அமுக்கியபடியே வெளியே எடுக்கலாம். பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதியில் முதல் சந்தேகம் ரப்பர் உறை மேல். நாக்கு எதிலும் மாட்டி ஒடியாமல் காக்கத்தான் அந்த உறை. ஆனால் பழசானால் விறைத்துப்போய், நாக்கை முழுதாக அமுங்க விடாது. உறையைப் பின்னுக்குத் தள்ளலாம், இல்லாவிட்டால் கத்தியால் கீறி எடுத்துவிடலாம். கேபிள் போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம், போர்ட் அப்படியல்ல, லேப்டாப்பின் முதன்மைப் பலகையான மதர்போர்டில் ஈயப்பற்று வைத்தது.

மெல்லிய லேப்டாப்களில் இன்னொரு சிக்கல். அவற்றின் விளிம்பு பிளக்கின் உயரத்தைவிட ஒல்லி. அதனால் போர்ட்டின் கீழ்த்தாடை ஸ்பிரிங்கோடு கீழே திறக்கும்படி அமைத்திருப்பார்கள். நாக்கும் பெரும்பாலும் கீழ்ப்பக்கம்தான் இருக்கும். லேப்டாப் மேசையில் சப்பையாக உட்கார்ந்திருந்தால் தாடை இறங்க இடமில்லை, விரல் போகவும் வழியில்லை. லேப்டாப்பைத் தூக்கிப் பிடித்து, தாடையை நன்றாகக் கீழே இறக்கிவிட்டு நாக்கை அமுக்கினால் சரி.

வால் ஒடிந்து, விரல் பிடிக்க எதுவுமே இல்லையா? லேப்டாப்பை அணைத்து, சார்ஜரையும் கழற்றிவிடுங்கள். பழைய சிம் கார்டு அட்டையிலிருந்து மெல்லிய கீற்று ஒன்று வெட்டி, நாக்கு இருக்கும் பக்கமாகவே செருகி, நாக்கைப் பிளக்கின் உடம்பை நோக்கி அமுக்குங்கள். சின்ன தட்டை ஸ்க்ரூடிரைவரும் ஆகும். எதிர்ப்பக்கம் மட்டும் போகவே கூடாது, போர்ட்டின் எட்டுக் கம்பிகளும் அங்கேதான் இருக்கின்றன.

பிளக் வந்ததும் டார்ச் அடித்து அந்தக் கம்பிகளைப் பாருங்கள். எட்டும் ஒரே உயரத்தில், ஒன்றையொன்று தொடாமல் இருக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும். ஜிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ் வேகத்துக்கு, எட்டும் வேண்டும். அதனால் நெட் வந்துவிட்டது என்று நிம்மதி அடையாமல், இணைப்பு வேகம் 1000க்குப் பதில் 100 என்று காட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அப்படிக் காட்டினால், வேறு கேபிள் போட்டுப் பார்த்த பிறகும் மாறாவிட்டால், மற்ற நான்கில் ஏதோ ஒரு கம்பி வளைந்திருக்க வாய்ப்புண்டு.